வெந்நீர்த் தொட்டியில் மிதந்த பிளாஸ்திரி

சந்தை நாளில் முட்டி டாக்டரிடம் போனால் உட்கார இடம் கிடைக்காது என்று ஜொம்ரேவுக்குத் தெரியும். தெரிந்தும் சந்தை நாளில்தான் போகவேண்டியிருந்தது. மற்ற நாட்களில் அவள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். சந்தை நாளில் மட்டும் நடுவில் ஒன்று கூடுதலாக ஓட்டுவார்கள். அதனால் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு எங்கே வலித்தாலும் சந்தை நாள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் ஒன்றாக வலிக்கும்.

பெஞ்சு முழுக்கப் பெண்கள். எல்லாருக்கும் ஒரே சுருட்டை முடி, ஒரே பூப்போட்ட கால்சட்டை, ஒரே முட்டி. கோஸ் வயலிலும் பூண்டு வயலிலும் குந்திக் குந்தியே தேய்த்த முட்டிகள். கால்சட்டையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, கோழிக்கொண்டையிலிருந்து எடுக்கிற மருந்து ஊசி நல்லதா, வீக்கத்தை அடக்குகிற எலும்பு ஊசி நல்லதா என்று வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"வசந்தத்துல மூணு வாரம் வந்து கோழிக்கொண்டை ஊசி போட்டேன். மூட்டுக்கு எண்ணெய் விடுற மாதிரின்னாங்க. ஒரு சொட்டும் இறங்கின மாதிரி தெரியல" என்றாள் ஜொம்ரே.

"கூவவாவது செஞ்சுச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.

ஜொம்ரே சிரிக்கவில்லை. நிற்கவே முடியாமல் நின்றுகொண்டிருப்பவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது. பக்கத்தில் நின்ற பில்சுன், பக்கத்து வீட்டுக்காரி, அவள் காதருகே வந்தாள்.

"எலும்பு ஊசியே கேளு அக்கா. எங்க நாத்தனார் போட்டுக்கிட்டா. மறுநாளே மலை ஏறிட்டா."

"போன மாசம் நீதானேடி எலும்பு ஊசி போட்டா எலும்பு கரைஞ்சுபோகும்னு சொன்னே?"

"அது அடிக்கடி போட்டா. ஒண்ணு போட்டா பறக்கலாம்."

பறக்கத் தேவையில்லை. நாளைக்கு ஒருநாள் நடந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள் ஜொம்ரே.

நாளைக்கு கிம்ஜாங். கோஸில் மிளகாய் மசாலா பூசி ஊறவைக்கிற கிம்ச்சியை, குளிர்காலம் முழுவதுக்குமாக ஒரே நாளில் போட்டு முடிக்கிற நாள். மகன் தேசோப்பும் மருமகள் உன்மியும் இஞ்சோன் நகரத்திலிருந்து வருகிறார்கள். கோடையில் அவள் முற்றத்தில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் வெயிலில் கிடந்தாள். பில்சுன் மிளகாய் கேட்டு வந்தபோதுதான் கண்டுபிடித்துத் தூக்கினாள். அன்றிலிருந்து தேசோப்புக்கு ஒரே பேச்சு. அறுவடைப் பண்டிகைக்கு வந்தவன், அவள் படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கியதைப் பார்த்துவிட்டு முடிவாகவே சொல்லிவிட்டான்: "கிம்ஜாங்குக்கு வருவேன். அப்பவும் இப்படித்தான் இறங்கினேன்னா, காரு திரும்பும்போது நீயும் அதுல இருப்ப. ரூம் ரெடி."

அந்த ரூமை அவள் பார்த்திருக்கிறாள். பதினான்காவது மாடி. சன்னலைத் திறந்தால் எதிரில் இன்னொரு பதினான்காவது மாடி. மூன்று நாள் இருந்து பார்த்ததில் தரையில் கால் வைக்கவே இல்லை, லிஃப்டில் ஏறி இறங்கினதோடு சரி. அதில் போய் உட்கார்வதற்குப் பதில் இங்கேயே நொண்டிச் சாகலாம். ஆனால் நொண்டினால்தான் அங்கே போகவேண்டும். இந்தக் கணக்குத்தான் அவளை எரிச்சலாக்கியது.

டாக்டருக்கு வயது குறைவுதான். முகம் மட்டும் சந்தை முடிந்த மைதானம் மாதிரி இருந்தது. முட்டியின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கம் பாருங்கம்மா. எலும்பும் எலும்பும் ஏறக்குறைய தொட்டுக்கிட்டிருக்கு. நடுவுல இருந்த குருத்தெலும்பு தேஞ்சுபோச்சு. எந்த ஊசி போட்டாலும் அது திரும்ப முளைக்காது. வீக்கம் குறையும், வலி குறையும். அதுக்குத்தான் ஊசி."

"நாளைக்கு நடக்கணும் டாக்டர் தம்பி. எலும்பு ஊசியா போடுங்க."

"நாளைக்கா?"

"கிம்ச்சி போடுறோம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "காலையில இருந்து இந்தக் கதவுல நுழைஞ்ச எல்லாரும் நாளைக்குக் கிம்ச்சி போடுறவங்கதான். போன வாரம் ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்ப வந்திருந்தா இந்நேரம் தணிஞ்சிருக்குமே."

"போன வாரம் இவ்வளவு வலிக்கல."

"சரி, கவனமா கேளுங்க. இந்த ஊசியில மரத்துப்போற மருந்தும் கலந்திருக்கு. போட்ட கொஞ்ச நேரத்துல வலியே இல்லாத மாதிரி இருக்கும். அதை நம்பி ஆடிடாதீங்க. சில மணி நேரத்துல அது போயிடும், வலி திரும்பும். சில பேருக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னைவிட அதிகமாவே வலிக்கும். அப்புறம்தான் நிஜமான மருந்து வேலை செய்யும்."

"எத்தனை நாளைக்கு?"

"சில பேருக்குச் சில வாரம். சில பேருக்கு ரெண்டு மூணு மாசம். சில பேருக்குக் கேக்கவே கேக்காது."

"எனக்கு?"

"போட்டாத்தான் தெரியும்."

விதைக் கடைக்காரன்கூட இப்படிப் பேசமாட்டான் என்று நினைத்தாள் ஜொம்ரே. இவ்வளவு படித்துவிட்டு, போட்டால்தான் தெரியுமாம்.

"சர்க்கரைக்கு மாத்திரை போடுறீங்கல்ல, கொஞ்ச நாளைக்குச் சர்க்கரை ஏறும். விரல்ல குத்திப் பாத்துக்கங்க. இன்னைக்கு முழுக்கக் குளிக்கக் கூடாது. முக்கியமா பொதுக் குளியல் தொட்டியில இறங்கக் கூடாது, ஊசி போட்ட ஓட்டை வழியா கிருமி போனா மூட்டே கெட்டுப்போகும். ரெண்டு நாள் குந்தி உட்காரக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க" என்றாள் ஜொம்ரே. அவர் என்ன சொல்லியிருந்தாலும் சரிங்க என்றுதான் சொல்லியிருப்பாள். முட்டியைத் துடைத்து, முதலில் உள்ளே இருந்த நீரைக் கொஞ்சம் இழுத்து எடுத்துவிட்டு, அதே ஊசி வழியாக மருந்தை ஏற்றினார்கள். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. மேலே வட்டமாக ஒரு சின்னப் பிளாஸ்திரி ஒட்டினார்கள்.

வெளியே வந்து மீன்கடை வரை நடப்பதற்குள் முட்டி காணாமல் போய்விட்டது. இருக்கிறது, ஆனால் இருக்கிற உணர்வே இல்லை. ஜொம்ரே நின்று காலை ஒருமுறை உதறிப் பார்த்தாள். இன்னொரு முறை உதறினாள்.

"பாத்தியா?" என்றாள் பில்சுன், ஊசியைத் தானே போட்டுவிட்ட மாதிரி. "வா, குளிச்சிட்டுப் போலாம். இன்னைக்குப் பொம்பளைங்க நாள்."

அந்தச் சின்ன ஊரின் பொதுக் குளியல் இடத்தில் தொட்டி ஒன்றுதான். ஒருநாள் ஆண்களுக்கு, மறுநாள் பெண்களுக்கு. பெண்கள் நாளும் சந்தை நாளும் ஒன்றாக விழுவது ஒரு சந்தை விட்டு ஒரு சந்தைதான். அப்படி விழுந்த நாளில் குளிக்காமல் ஊர் திரும்பினவள் என்று இதுவரை யாரும் இல்லை.

"டாக்டரு கூடாதுன்னாரு."

"அவங்க எல்லாத்தையும்தான் கூடாதும்பாங்க. நாளைக்கு மருமக வரா. அழுக்கோட உட்கார்ந்து கிம்ச்சி போடப்போறியா?"

மருமகள் என்ற வார்த்தை வேலை செய்தது. முட்டியை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துதான் ஜொம்ரே தொட்டியில் இறங்கினாள். வெந்நீர் இடுப்பைத் தொட்டதும் முடிவு மறந்துபோனது. கழுத்துவரை அமிழ்ந்து, கண்ணை மூடி, கோடையிலிருந்து சேர்த்து வைத்திருந்த பெருமூச்சை எல்லாம் விட்டாள். கண்ணைத் திறந்தபோது வட்டமான அந்தப் பிளாஸ்திரி மூக்குக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதைச் சுருட்டிக் கழிவுநீர் வாய்க்காலில் விட்டாள். வந்ததுதான் வந்தோம் என்று பில்சுனிடம் சொல்லி முட்டியையும் நன்றாகத் தேய்த்துவிடச் சொன்னாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கோஸ்களை இரண்டாகப் பிளந்து உப்பில் போட்டாள். கிம்ஜாங்குக்கு முதல் நாளே உப்பில் ஊறாவிட்டால் மறுநாள் வேலை ஓடாது. சிவப்பு ரப்பர்த் தொட்டிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இலைக்கு இலை உப்பைத் தூவி, அடுக்கி, எழுந்து, குந்தி, மறுபடி எழுந்தாள். இத்தனை வருஷம் ஏன் இந்த ஊசியைப் போடாமல் இருந்தோம் என்று பாட்டு முணுமுணுக்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இருட்டுகிற நேரத்தில் முட்டி திரும்பி வந்தது. போனபோது தனியாகப் போனது, வரும்போது ஆள் சேர்த்துக்கொண்டு வந்தது. ஜொம்ரே சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, குளிருக்காக அடியில் சூடேற்றிய தரையில் எந்த இடம் ரொம்பச் சுடுமோ அந்த இடமாகப் பார்த்து முட்டியைப் பதித்துப் படுத்தாள். வலி என்றால் சூடு. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

விடிந்தபோது முட்டி பூசணிக்காய் மாதிரி இருந்தது. சிவந்து, வழவழவென்று, தொட்டால் கொதித்தது. கால்சட்டைத் துணி உரசுவதைக்கூடப் பொறுக்க முடியவில்லை. கோஸ் கழுவுவதற்கு வந்த பில்சுன் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"மூடு" என்றாள் ஜொம்ரே. "மலை ஏறுனாளாம் நாத்தனாரு. எந்த மலைடி? என்னை இப்பத் தூக்கி முற்றத்துல வை. அவங்க வர்றதுக்குள்ள."

கிம்ஜாங்கில் ஒரு வசதி உண்டு. ஓடியாடித் தூக்குகிறவர்கள் சின்னவர்கள். மசாலா பூசுகிறவள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பேருமாக யோசித்து, முற்றத்தின் நடுவில் பாய் விரித்து, வயலில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பஞ்சு மணையைப் போட்டு, ஜொம்ரேவை அதன்மேல் இறக்கி, கெட்ட காலை நீட்டி, அதை மறைத்து மிளகாய் மசாலாத் தொட்டியை இழுத்துவிட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் கால் இருப்பதே தெரியவில்லை. கார் சத்தம் கேட்டபோது அவள் முழங்கை வரை சிவப்புக் கையுறை மாட்டிக்கொண்டு முள்ளங்கியையும் உப்பிட்ட இறாலையும் பிசைந்துகொண்டிருந்தாள்.

தேசோப் காரை விட்டு இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அம்மா, எங்க, எழுந்து நட பாப்போம்."

"கையைப் பாரு. இதோட எழுந்து எங்க நடக்க? வந்தவன் கோஸைத் தூக்கு."

"கால் எப்படி இருக்கு?"

"கால் கால் மாதிரி இருக்கு. உன்மி, நீ வாம்மா, இப்படி எதிர்ல உட்காரு. இவன் நின்னு வேடிக்கை பார்க்கவே இஞ்சோன்ல இருந்து வந்திருக்கான்."

வேலை நடந்தது. தேசோப் தண்ணீர் வடித்த கோஸ்களைத் தூக்கி வந்தான். உன்மி அத்தையைப் பார்த்துப் பார்த்து இலைக்கு இலை மசாலாவைப் பூசினாள். ஜொம்ரே வாயால் நான்கு பேர் வேலையைச் செய்தாள். அடித்தண்டில் நல்லாப் பூசு. நெத்திலிச் சாறு போதாது, அந்தப் புட்டியை எடு. டப்பாவை நிரப்பாதே, பொங்கி வழியும். பேச்சை நிறுத்தினால் முட்டியின் சத்தம் கேட்டுவிடும் போலிருந்தது.

இதற்கு நடுவில் ஒரே தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. முகம் வேறு காய்ச்சல் மாதிரி எரிந்தது. டாக்டர் சொன்ன சர்க்கரை நினைவுக்கு வந்தது. தண்ணீர் குடித்தால் போகவேண்டி வரும். போகவேண்டிய இடம் முற்றத்தின் கோடியில் இருந்தது. தேசோப் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே உட்காருகிற கக்கூஸ் கட்டிக்கொடுத்தான். அதில் அவள் வெங்காயம் வைத்திருந்தாள். குந்துகிற பழையதே சௌகரியம் என்று இருந்துவிட்டாள். இப்போது அந்தப் பழையது இஞ்சோன் தூரத்தில் தெரிந்தது.

"அத்தை, முகமெல்லாம் செவந்திருக்கு. தண்ணி தரவா?" என்றாள் உன்மி.

"மிளகாய்க்கு அப்படித்தான் இருக்கும்."

பன்றிக்கறி வெந்த வாசனை வந்தது. கிம்ஜாங் அன்றைக்கு வேகவைத்த கறியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டித் தின்னாமல் யாரும் விடமாட்டார்கள். பில்சுன் கறியைத் துண்டு போட்டாள். தேசோப் வீட்டுக்குள் தரையில் மடக்கு மேசையை விரித்துவிட்டுக் கூப்பிட்டான்.

"உள்ள வா அம்மா, ஆறிப்போகும்."

"இங்கேயே கொண்டா. வேலை பாதியில இருக்கு."

"எல்லாரும் சாப்பிட்டுத்தான் செய்யணும். வா."

"நான் இங்கதான் சாப்பிடுவேன்."

தேசோப் அவளையே பார்த்தான். அப்புறம் பில்சுனைப் பார்த்தான். பில்சுன் கறியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி வந்து, மசாலாத் தொட்டியை ஒரே இழுப்பாக இழுத்தான். தொட்டியின் விளிம்பு முட்டியில் இடித்தது. ஜொம்ரேவின் வாயிலிருந்து வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

அவன் கால்சட்டையைச் சுருட்டிப் பார்த்தான்.

"என்ன அம்மா இது?"

"ஊசி போட்டேன்."

"ஊசி போட்டா இறங்கணும். இது ஏறியிருக்கு."

"முதல்ல ஏறி அப்புறம் இறங்குமாம். டாக்டரே சொன்னாரு."

உன்மி அதற்குள் மருத்துவமனைக்குப் போன் போட்டிருந்தாள். நர்ஸ் கேட்டதை எல்லாம் சத்தமாகத் திருப்பிக் கேட்டாள். "காய்ச்சல் இருக்கா அத்தை? குளிர் நடுங்குச்சா? கால மடக்க முடியுதா? நேத்து ஊசி போட்டதுக்கு அப்புறம் குளிச்சீங்களா?"

"இல்ல" என்றாள் ஜொம்ரே.

"தொட்டியில இறங்குனது மட்டும்தான்" என்றாள் பில்சுன்.

தேசோப் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். பில்சுன் பயந்துபோய்ச் சேர்த்துச் சொன்னாள்: "பொம்பளைங்க நாளாச்சே தம்பி."

அன்றைக்குச் சனிக்கிழமை, மத்தியானம் வரைதான் டாக்டர் இருப்பார். தேசோப் குனிந்து முதுகைக் காட்டினான். ஜொம்ரே கையுறையோடு அவன் முதுகில் ஏறினாள். அவன் வெள்ளைச் சட்டையில் முன்பக்கம் முழுக்க இரண்டு சிவப்புக் கை பதிந்தது. கார் வரை போகிற வழியில், "முதல்ல அந்தக் கோடிக்குப் போடா" என்றாள். "எந்தக் கோடிக்கு?" "எந்தக் கோடிக்கா. காலையில இருந்து அடக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்." அவன் திரும்பி நடந்தான்.

டாக்டர் முட்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பிளாஸ்திரி எங்க?"

ஜொம்ரே சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்தாள்.

"குளிச்சீங்க. குந்தி உப்புப் போட்டீங்க. சூட்டுல வச்சுப் படுத்தீங்க."

"கூடவே வந்து பாத்த மாதிரி சொல்றீங்க."

"காலையில இருந்து நீங்க நாலாவது ஆளு."

மறுபடி ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. கலங்கலாக இல்லை, காய்ச்சல் இல்லை, ஆகவே ஊசிக்குப் பின் வருகிற வீக்கமாகத்தான் தெரிகிறது, ஆனாலும் சோதனைக்கு அனுப்புகிறேன் என்றார். காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் இன்னும் ஏறினாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். அதுவரை துணியில் சுற்றிய ஐஸ், காலைத் தூக்கி வைப்பது, அவ்வளவுதான்.

"அப்போ ஊசி கேக்கலையா?" என்றான் தேசோப்.

"அதை இப்பச் சொல்ல முடியாது. ரெண்டு மூணு நாள் போகட்டும்."

"இவங்க தனியா இருக்கலாமா, கூடாதா? அதையாவது சொல்லுங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றி வீசினார். "ஒவ்வொரு மகனும் இதையே கேக்குறீங்க. அதை ஊசிகிட்ட கேக்க முடியாது சார். கேட்டாலும் சில வாரம், சில மாசத்துக்குத்தான் பதில் சொல்லும். அடிக்கடி போடவும் முடியாது. தரையில படுத்து, தரையில இருந்து எழுந்து, தரையில சாப்பிட்டு, குந்திக் கக்கூஸ் போய், குந்தியே வயல்ல வேலை செஞ்சா எந்த முட்டி தாங்கும்? கட்டில் வாங்குங்க. நாற்காலி போடுங்க. வலி இல்லாத நாள்ல தொடைக்குப் பயிற்சி செய்யச் சொல்லுங்க. ஊசி போடுறதே அந்த நாளைச் சம்பாதிக்கத்தான். எல்லாரும் அந்த நாள்ல போய்ப் பூண்டு நடுறாங்க."

கட்டில் விஷயம் புதிது இல்லை. தேசோப் நாலு வருஷமாகக் கேட்டுவிட்டான். கட்டிலில் படுப்பவர்கள் எழுந்திருக்காதவர்கள் என்பது ஜொம்ரேவின் கட்சி. அது போக, அவள் அறையில் பாதி இடத்தைக் கல்யாணத்துக்கு வந்த சிப்பி பதித்த அலமாரி அடைத்துக்கொண்டிருந்தது. அது இருக்கும்வரை கட்டிலுக்கு இடமில்லை. அது எங்கேயும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் ஐஸ் மூட்டையோடு படுத்திருந்தாள். மீதி கிம்ச்சியை உன்மியும் பில்சுனும் போட்டு முடித்தார்கள். அடித்தண்டில் பூசினார்களா இல்லையா என்று எழுந்து பார்க்கக்கூட முடியவில்லை. தேசோப் வேலைக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு அவள் துணிகளை மூட்டை கட்டினான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பேசுவதற்கு முட்டி இடம் விடவில்லை. குளிர்காலச் சட்டைகளை அவன் தப்புத்தப்பாக மடிப்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

திங்கட்கிழமை காலையில் விழித்து, வழக்கம்போல வலிக்குத் தயாராகிப் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் திருப்பினாள். வலி வரவில்லை. காத்திருந்தாள். அப்போதும் வரவில்லை. துணியை விலக்கிப் பார்த்தால் பூசணிக்காய் வற்றி, உள்ளே எலும்பின் வடிவம் தெரிந்தது. சுவரைப் பிடித்து எழுந்தாள். சுவரை விட்டாள். முற்றத்துக்கு நேராக இறங்கினாள், முன்பக்கமாகவே.

தேசோப் கார் டிக்கியில் கிம்ச்சி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கடைசி டப்பாவை ஜொம்ரே தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் டப்பாவைப் பார்த்தான், காலைப் பார்த்தான், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான்.

"முந்தாநாள் உன்னை முதுகுல சுமந்து ஓடினேன். சட்டையில கறை இன்னும் போகல. இன்னைக்கு நீ டப்பா தூக்குற. நான் எதை நம்புறது?"

இந்த இடத்தில் சொல்வதற்கென்று ஒரு வார்த்தையை அவள் அறுவடைப் பண்டிகையிலிருந்து தயாராக வைத்திருந்தாள். பாத்தியா, நடக்குறேன், கிளம்பு நீ. அது நாக்கு நுனி வரை வந்தது. வெள்ளிக்கிழமை மீன்கடைக்கு முன்னால் இதே கால்தான் இப்படியே லேசாக இருந்தது. அதை நம்பித்தான் தொட்டியில் இறங்கினாள், உப்புப் போட்டாள், பாட்டு வேறு முணுமுணுத்தாள். இன்றைக்கு இந்தக் காலைக் காட்டி அவனை அனுப்பிவிடலாம். மருந்து தீர்ந்ததும் அவன் மறுபடி மூட்டை கட்ட வருவான். அப்போது எதைக் காட்டுவது?

"எதையும் நம்பாத" என்றாள். "நடக்குறது நான் இல்ல, ஊசி. அது எப்ப இறங்கிப்போகும்னு அந்த டாக்டருக்கே தெரியல."

"அதனால வா, கிளம்பலாம்."

"அதனால கட்டில் வாங்கு."

தேசோப் டிக்கியை மூடப்போனவன் நிறுத்தினான். "எங்க போடுறது? அலமாரி?"

"கொட்டகைக்குத் தள்ளு. சாயம் போனா போகட்டும்." அலமாரியை நினைத்ததும் கோபம் வந்தது. அதையும் அவன்மேலேயே காட்டினாள். "என்ன பாக்குற? உள்ள கக்கூஸ்ல இருக்கிற வெங்காயத்தையும் எடுத்து வெளிய போடு. நாற்காலி போட்டுச் சாப்பிடுற உயர மேசை வேணும். பூண்டு வயலைப் பில்சுன் வீட்டுக்காரரு பாத்துக்கட்டும். வீட்டை ஒட்டின ரெண்டு பாத்தியை மட்டும் நான் நின்னுக்கிட்டே பாத்துக்குறேன். அதையும் கூடாதுன்னா என்னைக் கட்டித்தான் தூக்கிட்டுப் போகணும்."

அவன் பதில் சொல்வதற்குள் உன்மி வீட்டுக்குள்ளிருந்து அந்தத் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கே வைப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. திரும்பி உள்ளே கொண்டுபோனாள்.

"வசந்தம் வரைக்கும்" என்றான் தேசோப். "வசந்தத்துல வந்து பாப்பேன். திரும்பவும் எங்கயாவது விழுந்து கிடந்தேன்னா..."

"விழுந்தா போன் பண்றேன். இப்ப அலமாரியைத் தள்ளு."

சோதனை முடிவு வந்தது. கிருமி எதுவும் இல்லை. கட்டிலும் வந்தது. அது அவள் நினைத்ததைவிட உயரம். அதன் விளிம்பில் உட்கார்ந்து ஜொம்ரே காலை நேராக நீட்டி, பிடித்து வைத்து, இறக்கினாள். டாக்டர் காகிதத்தில் வரைந்து கொடுத்திருந்த பயிற்சி. இரண்டாவது காலுக்கு வருவதற்குள் தொடை நடுங்கியது. வாழ்நாள் முழுக்க வயலில் கிடந்தவளுக்குக் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்க முடியவில்லை என்றால் அதை வெளியில் சொல்ல முடியுமா? ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் ஒருவரைத் திட்டினாள். ஆள் தீர்ந்துபோனதும் மறுபடி டாக்டரிலிருந்து ஆரம்பித்தாள்.

பில்சுன் வந்து கட்டிலைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமல் ஆட்டினாள்.

"அக்கா, எனக்கும் முட்டி சரியில்ல. அடுத்த சந்தை நாள்ல எலும்பு ஊசி போட்டுக்கலாம்னு இருக்கேன். உனக்கு நல்லா கேட்டுச்சுல்ல?"

ஜொம்ரே காலை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். முதல் நாள் ஏமாற்றும். அடுத்த இரண்டு நாள் கொல்லும். அப்புறம் விடும். விட்டது எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்காதே, ஒருத்தருக்கும் தெரியாது. தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆளுக்கு ஆள் வேறு, உனக்குக் கேட்கும் என்று நான் சொன்னதாக ஊரில் சொல்லாதே. தொட்டியில் மட்டும் இறங்காதே.

பில்சுன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் ஜொம்ரேவுக்கு நன்றாகத் தெரிந்த தலையாட்டல்.

"ஆனா அடுத்த சந்தையும் பொம்பளைங்க நாள்லதான் வருது அக்கா" என்றாள் பில்சுன். கொஞ்சம் யோசித்தாள். "காலையில முதல்ல போய்க் குளிச்சிட்டு, அப்புறம் ஊசி போட்டா?"

ஜொம்ரே பில்சுனை முறைத்தாள். இது ஏன் அன்றைக்குத் தனக்குத் தோன்றவில்லை, தோன்றாவிட்டாலும் இவளுக்காவது தோன்றியிருக்கக் கூடாதா என்று இருந்தது. காலை மறுபடி நீட்டித் தூக்கினாள். இந்தத் தடவை திட்டுவதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்தது.